கணினி நமக்கா, நாம் கணினிக்கா?

(அச்சகத்தாரும் ஆசிரியரும் மாணவரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்துவடிவம்)



கணினியின் பெருமையைப் பேசுவதற்கு ஆள்கள் பலர் உளர், விளம்பரங்களும் உள. நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அது நமக்கு நாடோறும் தரும் சிறுசிறு தொல்லைகளைப் பற்றியே. மாலைக்குள் அச்சேறியாகல் வேண்டிய அழைப்பிதழ் திரையில் இருக்கையிலேயே, 'இற்றைப்படுத்துகிறேன், அணைத்துவிடாதே' என்று கணினி தானே தன்னை மூடிக்கொள்கிறது. நேற்றுவரை அச்சடித்த அச்சுப்பொறி இன்று இணைப்பில் இல்லை என்கிறது. வீட்டில் எழுதிய கோப்பு பள்ளியில் திறக்கையில் கட்டங்கட்டமாய்த் தெரிகிறது. சென்ற ஆண்டு ஓரிடத்தில் இருந்த குமிழ், இவ்வாண்டு வேறோரிடத்தில் ஒளிந்துகொள்கிறது.

இவற்றையெல்லாம் கண்டு நம்மில் பலர் சொல்லும் விடை ஒன்றே: "எனக்குக் கணினி சரியாக வராது." இந்த விடையை மறுப்பதற்காகவே நான் இங்கு நிற்கிறேன். நாற்பதாண்டு எழுத்துக்கோத்து, ஒரு புள்ளி பிறழாமல் பொத்தகம் அச்சிட்ட கைகள், ஒரு திரைமுன் தம்மைத் தாமே குறைத்துக்கொள்வதா? கணினி தரும் ஒவ்வோர் எரிச்சலுக்கும் ஒரு கரணியம் உண்டு. அக் கரணியம் பெரும்பாலும் நம் அறியாமையன்று. எங்கோ, என்றோ, யாரோ செய்த ஒரு முடிவு. அம் முடிவை அறிந்துகொண்டால், பொறுத்துக்கொள்ள வேண்டியது எது, மாற்றிக்கொள்ள வேண்டியது எது, எதிர்த்துக் கேட்க வேண்டியது எது என்பது விளங்கும்.

முதற்கண் ஒரு விளக்கம். கணினியை இயக்கியவுடன் முதலில் உயிர்பெற்று, விசைப்பலகைக்கும் திரைக்கும் கோப்புக்கும் அச்சுப்பொறிக்கும் இடையில் நின்று ஏவல் செய்யும் அடிப்படை மென்பொருளையே இயங்குதளம் என்கிறோம். மேசைக்கணினிகளில் பெருவழக்காக உள்ளவை மூன்று: மைக்ரோசாப்டு நிறுவனத்தின் விண்டோசு, ஆப்பிள் நிறுவனத்தின் மாக்கு, எவர் ஒருவர்க்கும் தனியுடைமையாகாது உலகெங்கும் பலர் கூடி வளர்க்கும் இலினக்சு. இம் மூன்றும் தரும் தொல்லைகளை நான் மூவகையாகப் பகுக்கின்றேன். ஒன்று, பழைமையின் எச்சம். இரண்டு, உடையவனின் வணிகம். மூன்று, பேணுவார் இன்மை.

பழைமையின் எச்சம்

விண்டோசில் கோப்புறைகளைப் பிரித்துக் காட்டும் கோடு இடப்பக்கம் சாய்ந்திருக்கும். மாக்கிலும் இலினக்சிலும் அது வலப்பக்கம் சாய்ந்திருக்கும். இரண்டு தளங்களிலும் வேலை செய்பவர் விரல் தடுமாறாத நாளில்லை. ஏன் இவ் வேறுபாடு? விண்டோசுக்கு முன்னோடியாகிய டாசு என்னும் தளத்தின் முதற்பதிப்பில் கோப்புறை என்பதே இல்லை. வலச்சாய் கோட்டை அதன் கட்டளைகள் வேறொரு பணிக்கு எடுத்துக்கொண்டன. 1983-இல் வந்த இரண்டாம் பதிப்பில் கோப்புறைகள் சேர்க்கப்பெற்றபொழுது அக் கோடு கிடைக்கவில்லை. இடச்சாய் கோட்டைக் கொண்டனர். அன்று ஓர் அறையில் செய்யப்பெற்ற முடிவு, நாற்பதாண்டு கடந்தும் நம் விரலைப் பிடித்து இழுக்கின்றது.

இன்னொன்று கேளுங்கள். பழைய தொலைத்தட்டச்சுப் பொறியில் ஒரு வரி முடிந்தால் இரண்டு வேலைகள் நடைபெறல் வேண்டும். அச்சுமுனை இடவோரத்திற்குத் திரும்புதல் ஒன்று. தாள் ஒரு வரி மேலேறுதல் மற்றொன்று. டாசும் அதன்வழி விண்டோசும் இவ் விரண்டு குறிகளையும் அவ்வாறே வைத்துக்கொண்டன. யூனிக்சு வழிவந்த தளங்கள் ஒரு குறியே போதும் என்றன. அதனால், இலினக்சில் எழுதிய உரையை விண்டோசின் குறிப்பேட்டில் திறந்தால், வரிகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே நீளமாய் ஓடின. அச் சிறுகுறையை மைக்ரோசாப்டு களைந்தது 2018-ஆம் ஆண்டில்தான்! தாளும் அச்சுமுனையும் இல்லாத திரையில், என்றோ ஓய்ந்துபோன பொறியின் நிழல் அத்துணைக் காலம் அலைந்துகொண்டிருந்தது.

ஆங்கிலப் பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் இலினக்சு வெவ்வேறாகக் கொள்ளும். விண்டோசு ஒன்றாகவே கொள்ளும். எனவே அங்கு இரண்டு கோப்புகளாய் இருந்தவை இங்கு வந்து ஒன்றோடொன்று மோதும். 'கான்' என்று ஒலிக்கும் மூன்றெழுத்து ஆங்கிலப் பெயரில் ஒரு கோப்புறை அமைத்துப் பாருங்கள், விண்டோசு ஒப்பாது. டாசுக் காலத்தில் அச் சொல் விசைப்பலகையையும் திரையையும் குறித்தது என்பதே கரணியம்.

விரலளவுச் சேமிப்பு வட்டின் கதையும் இதுவே. பழைய முறையில் வகுக்கப்பெற்ற வட்டு, 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரு கோப்பை, எவ்வளவு இடம் காலியாக இருப்பினும் ஏற்காது. விண்டோசு தனக்கென அமைத்துக்கொண்ட முறையில் வகுத்த வட்டை மாக்கு படிக்கும், தானாக எழுதாது. மாக்கில் செருகி எடுத்த வட்டை விண்டோசில் இட்டால், புள்ளியும் கீழ்க்கோடும் முன்னே நிற்கும் புதுப்புதுக் கோப்புகள் தெரியும். 'நச்சுநிரல் புகுந்துவிட்டது' என்று அஞ்சி அழிப்பார் உளர். அவை மாக்கு தன் குறிப்புக்காக எழுதி வைத்தவையே. மூன்று தளங்களும் படிக்கவும் எழுதவும் வல்ல எக்சுபாட்டு என்னும் முறையில் வட்டை வகுத்துக்கொண்டால் இத் தொல்லையிற் பாதி ஒழியும்.

இவ் வகைத் தொல்லைகளில் யாருடைய தீய நோக்கமும் இல்லை. ஆகலின் இவற்றைக் கண்டு சினத்தல் வேண்டா. அறிந்து, வழிவகுத்துக்கொண்டு, மேற்செல்லலாம்.

உடையவனின் வணிகம்

இரண்டாம் வகை அத்தகையதன்று. 1995-இல் வந்த விண்டோசில் கீழ்மூலையில் ஒரு தொடக்கக் குமிழ் இருந்தது. பதினேழு ஆண்டுகள் மக்கள் அதை அழுத்திப் பழகினர். 2012-இல் வந்த எட்டாம் பதிப்பில் அக் குமிழ் நீக்கப்பெற்றது. தொடுதிரைக் கருவிகளின் சந்தையைப் பிடிக்க விரும்பிய நிறுவனம், தொடுதிரையே இல்லாத மேசைக்கணினிக்கும் அதே முகத்தை மாட்டியது. உலகெங்கும் எழுந்த முணுமுணுப்புக்குப் பின், 2013-இல் குமிழ் திரும்பி வந்தது. பதினோராம் பதிப்பிலோ, படியெடுத்தல், ஒட்டுதல் என்று சொற்களாய் இருந்தவை சிறுசிறு படங்களாயின. பழைய பட்டியல் இன்னொரு கதவுக்குப் பின்னே ஒளிந்தது. நம் வீட்டு அடுப்படியில் உப்பும் புளியும் இருந்த இடத்தை, நாம் உறங்கும்பொழுது பாத்திரக் கடைக்காரன் வந்து மாற்றிவைத்தால் பொறுப்போமா?

2007-இல் வெளிவந்த விசுட்டா ஒவ்வொரு செயலுக்கும் 'இசைவு உண்டா?' என்று கேட்டது. காப்பதற்காக அமைக்கப்பெற்ற கேள்வியே அது. ஆயின், ஓயாமல் கேட்கப்படும் கேள்வி மாந்தனைக் காப்பதில்லை. படிக்காமலே 'ஆம்' என்று அழுத்தப் பழக்குகின்றது. ஆங்கிலத்தில் வரும் எச்சரிக்கையைப் பொருள் விளங்காமலே அழுத்தித் தள்ளும் நம்மவர்க்கு இது இருமடங்கு இடர். அடுத்த பதிப்பில் அக் கேள்விகள் குறைக்கப்பெற்றன.

இற்றைப்படுத்தத்திற்கு வருவோம். இங்கு நாம் நடுநிலையோடு பேசுதல் வேண்டும். 2017-ஆம் ஆண்டு மே திங்களில் வானாகிரை என்னும் தீநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணயம் கேட்டது; பிரித்தானிய மருத்துவமனைகள் பல அதனால் தடுமாறின. அதற்கு இரண்டு திங்கள் முன்னரே, மார்ச்சிலேயே, மைக்ரோசாப்டு திருத்தம் வெளியிட்டிருந்தது. திருத்தத்தை இட்டுக்கொள்ளாதவர்களே பெரிதும் அடிபட்டனர். எனவே 'இற்றைப்படுத்தமே வேண்டா' என்பது பேதைமை. ஆயின், அஃது எப்பொழுது நிகழல் வேண்டும் என்று முடிவு செய்பவர் யார் என்பதே வினா. பத்தாம் விண்டோசு 2015-இல் வந்தபொழுது, இல்லப் பதிப்பு வைத்திருந்தவர்க்கு அதைத் தள்ளிவைக்கும் உரிமையே இல்லை. சில நாள் நிறுத்திவைக்கும் உரிமை 2019-இல்தான் வந்தது. கேட்டவர்கள் பலர், ஆகலின் கிடைத்தது.

கேளாமல் வரும் திருத்தமும் கேடு செய்யும் என்பதை 2024-ஆம் ஆண்டு சூலை 19-ஆம் நாள் காட்டியது. கிரவுடுசிட்ரைக்கு என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பு ஒன்றால், மைக்ரோசாப்டின் கணக்குப்படி ஏறத்தாழ 85 இலக்கம் விண்டோசுக் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றுபோயின. வானூர்தி நிலையங்களும் மருத்துவமனைகளும் முடங்கின. பல இடங்களில் ஒவ்வொரு கணினியின் முன்னும் ஓர் ஆள் சென்று அமர்ந்து அக் கோப்பை நீக்க வேண்டியதாயிற்று.

அடுத்தது, பழையதைக் கைவிடல். பத்தாம் விண்டோசுக்கான பொது ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. ஓராண்டு நீட்டிப்பு வழியொன்றும் அறிவிக்கப்பெற்றது. எனினும் அது நீட்டிப்பே. பதினோராம் பதிப்புக்கோ, குறிப்பிட்டதொரு பாதுகாப்புச் சில்லும் புதிய நுண்செயலியும் வேண்டும். நன்கு ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கணினிகளில் அவை இல்லை. சிற்றூர்ப் பள்ளியில் நன்கொடை பெற்று வாங்கிய கணினி, உடல் நலத்தோடு இருக்கையிலேயே முதியோர் பட்டியலில் சேர்க்கப்படுகின்றது.

'மாக்குக்குப் போனால் இத் தொல்லை இல்லை' என்பார் உளர். அங்கு எழுத்தின் ஒழுங்கும் திரையின் தெளிவும் உண்டு, மறுக்கவில்லை. ஆயின் அத் தளம் ஆப்பிள் விற்கும் கருவியிலன்றிப் பிறவற்றில் ஓட அந் நிறுவனம் இசைவு தருவதில்லை. அந் நிறுவனம் 1994-இலும் 2006-இலும் 2020-இலும் என மும்முறை நுண்செயலி வகையையே மாற்றியது. 2019-இல் வந்த பதிப்பு, 32 பிட்டு அமைப்பிலான பழைய மென்பொருள்கள் அனைத்தையும் ஒரே நாளில் ஓடாதவை ஆக்கியது. பொருள் கொடுத்து வாங்கிய மென்பொருள் கையில் இருந்தும் பயன் இல்லை. விண்டோசிலிருந்து செல்பவர்க்குச் சிறு தொல்லைகளும் உண்டு. சாளரத்தை மூடும் குமிழ் இடப்பக்கம் இருக்கும். அதை அழுத்தினாலும் சாளரம் மட்டும் மறைந்து, மென்பொருள் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். படியெடுக்க விரல் தேடும் விசையும் வேறு.

பேணுவார் இன்மை

மூன்றாவது இலினக்சு. 1991-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் இலினசு தோர்வால்ட்சு என்னும் பின்லாந்து மாணவர் அறிவித்துத் தொடங்கிய கரு அது. விலையில்லை, மூலநிரல் திறந்தே கிடக்கின்றது, எவரும் மாற்றலாம். இதனைப் புகழ்ந்து பேசுவோர் இதன் தொல்லையை மறைத்தல் கூடாது. மறைத்தால், நம்பி வந்தவர் ஒரே கிழமையில் திரும்பி ஓடுவர்.

புதிய அச்சுப்பொறி வாங்கினால், அதற்குரிய இயக்கி நிரலை விண்டோசுக்குத் தரும் நிறுவனம், இலினக்சுக்குத் தராமல் விடுவதுண்டு. கம்பியில்லா இணைப்புச் சில்லு சில மடிக்கணினிகளில் விழித்தெழாது. ஒரு குடும்பத்தில் மென்பொருள் நிறுவும் கட்டளை மற்றொரு குடும்பத்தில் செல்லாது. இங்கும் முகமாற்றம் உண்டு. உபுண்டு 2011-இல் தன் முகப்பை முற்றிலும் மாற்றியது. 2017-இல் அதைக் கைவிட்டு வேறொன்றுக்குச் சென்றது. பயன்படுத்துவோர் இரண்டு முறையும் புதிதாய்ப் பழக வேண்டியவராயினர்.

எல்லாவற்றிற்கும் மேலாக, நம் அச்சகங்கள் நம்பியிருக்கும் பக்க அமைப்பு மென்பொருள்கள் இலினக்சுக்கென வெளியிடப்பெறுவதில்லை. அடோபியின் பேச்மேக்கர் 2001-இல் ஏழாம் பதிப்போடு நின்றுபோயிற்று; தமிழை ஒருங்குறியில் ஏற்கும் திறன் அதற்கு இல்லை. அப்படியும் அதை விட முடியாமல், அதற்காகவே பழைய விண்டோசைக் கட்டிக் காக்கும் அச்சகங்கள் இன்றும் உள. விலையில்லாமை மட்டுமே விடுதலை ஆகிவிடாது என்பதை இதனால் அறிக. பேணுவதற்கு ஆள் வேண்டும்.

தமிழ் பெற்ற பாடம்

இங்குத் தமிழுக்கு நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள். முன்பு எழுத்துரு ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிமுறை. ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் தட்டியது இன்னொன்றில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குப்பையாய்த் தெரிந்தது. 1991-இலேயே ஒருங்குறியின் முதற்பதிப்பில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பெற்றன. அவ் ஒதுக்கீட்டில் உயிர்மெய்களுக்குத் தனியிடம் இல்லை என்னும் குறையை நம் அறிஞர் எடுத்துரைத்தனர். அது பொருளுள்ள குறையே. 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டின் வழியே தமிழ்99 விசைப்பலகை பொதுவரையறை ஆயிற்று. மறு ஆண்டு வெளிவந்த விண்டோசு 2000 ஒருங்குறித் தமிழை ஏற்றது. ஆயின் அதில் அமைந்த விசைப்பலகை, இந்திய மொழிகள் அனைத்திற்கும் ஒரே அச்சில் நடுவணரசு வகுத்ததே. தமிழுக்கென நாம் வகுத்த தமிழ்99 அன்று. 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும், உயிர்மெய்க்குத் தனியிடம் தரும் 16 பிட்டுக் குறிமுறையையும் ஏற்று ஆணையிட்டது.

இன்று விண்டோசில் எழுதிய ஒருங்குறித் தமிழ் மாக்கிலும் இலினக்சிலும் பிழையின்றித் தெரிகின்றதே, இஃது எவ்வாறு வந்தது? ஒரு நிறுவனத்தின் அருளால் வந்ததன்று. பொதுவரையறை ஒன்று ஏற்பட்டது; அதனை எல்லாத் தளங்களும் பின்பற்றின; அவ்வளவே. தளங்கள் மூன்றாய் இருப்பது குற்றமன்று. அவற்றிடையே பொதுமை இல்லாமையே குற்றம்.

எரிச்சலிலிருந்து பிறந்த இயக்கம்

எரிச்சல் வீணில்லை என்பதற்கு ஒரு வரலாறு சொல்வேன். 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அமெரிக்காவின் மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழக ஆய்வகத்தில் ஓர் அச்சுப்பொறி அடிக்கடி தாள் சிக்கி நின்றது. அங்குப் பணியாற்றிய இரிச்சர்டு சிடால்மன், முந்தைய பொறியின் நிரலைத் திருத்தி, தாள் சிக்கினால் காத்திருப்போர்க்குச் செய்தி வரும்படி செய்திருந்தார். சீராக்சு நிறுவனம் தந்த புதுப்பொறிக்கு மூலநிரல் தரப்பெறவில்லை. அந் நிரலை வைத்திருந்த ஒருவரிடம் நேரிற் சென்று கேட்டும், வெளியிடுவதில்லை என்று ஒப்பந்தம் செய்திருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். பொறி நம்முடையது, அதைத் திருத்தும் உரிமை நம்முடையதன்று என்பது அவர் நெஞ்சைத் தைத்தது. 1983-இல் அவர் தொடங்கிய குனூ திட்டமே, பின்னர் இலினக்சுக் கருவோடு சேர்ந்து இன்று நாம் காணும் கட்டற்ற தளமாயிற்று.

அரசுகளும் இவ்வழி முயன்றுள்ளன. செருமனியின் மியூனிக்கு மாநகராட்சி 2003-இல் முடிவெடுத்து, 2013-க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகளை இலினக்சுக்கு மாற்றியது. 2017-இல் மாமன்றம் விண்டோசுக்கே திரும்ப வாக்களித்தது. அலுவலர் குறைகளும், பிற அலுவலகங்களோடு ஆவணம் பரிமாறும் இடர்ப்பாடும், ஆட்சியாளர் மாற்றமும் அங்குப் பேசப்பெற்றன. எனினும் அந் நாட்டின் மாநிலங்களுள் ஒன்றாகிய சிலெசுவிக்கு ஓல்சுட்டைன், தன் 30,000 கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றுவதாக 2024-இல் அறிவித்தது. நம் அண்டையிலுள்ள கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் கணினிக் கல்வி பல்லாண்டுகளாக இலினக்சிலேயே நடைபெற்று வருகின்றது. பயிற்சியும் பேணுதலும் எங்குத் தொடர்ந்தனவோ, அங்கு நிலைத்தது.

நாம் செய்யத் தக்கவை

ஒன்று: நம் எழுத்துகளைத் தனியொரு மென்பொருளுக்குள் சிறைவைத்தல் கூடாது. திறந்த ஆவண வடிவம் 2006-இலும், பி.டி.எப். வடிவம் 2008-இலும் உலகத் தர வரையறை ஆயின. அவற்றிலும் ஒருங்குறி உரையிலும் ஒரு படி வைத்துக்கொள்க.

இரண்டு: பழைய எழுத்துருக் குறிமுறைகளில் கிடக்கும் நூல்களையும் இதழ்களையும், அவற்றைத் திறக்கவல்ல பழங்கணினி உயிரோடு இருக்கும்பொழுதே ஒருங்குறிக்கு மாற்றுக. அக் கணினி நின்றபின் அழுது பயனில்லை. ஓலை செல்லரித்து நாம் இழந்தவை போதா என்றா, இனி வட்டு பழுதுற்றும் இழப்போம்?

மூன்று: ஆதரவு முடிந்ததெனக் கணினியைக் குப்பையில் எறியுமுன், இலினக்சை ஒரு விரல்வட்டில் ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். அச்சுப்பொறியும் இணைப்பும் இயங்குகின்றனவா என்று கண்டு, பின்னர் முடிவு செய்யுங்கள். இயங்காவிடில் கணினியில் ஒன்றும் கெட்டுப்போவதில்லை.

நான்கு: பிழைச்செய்தி வந்தால், மூடிவிடாமல் எழுத்துப் பிறழாமல் குறித்துக்கொள்ளுங்கள். குறித்தவர்க்கே விடை கிடைக்கும். கேட்பவர்க்கே திருத்தம் வரும்.

ஐந்து: கட்டற்ற தளங்களின் பட்டியல்களையும் எச்சரிக்கைகளையும் தன்னார்வலர் சிலர் தமிழாக்கி வருகின்றனர். அவர்கள் சிலர், நாம் பலர். தமிழாசிரியர்கள் கிழமைக்கு ஒரு மணி நேரம் தந்தால், நம் ஊர்ச் சிறுவன் பொருள் அறிந்து 'ஆம்' என்று அழுத்துவான். பொருள் அறிந்து 'இல்லை' என்றும் அழுத்துவான். அவ் 'இல்லை'யே உரிமையின் தொடக்கம்.

தோழர்களே! எந்தத் தளத்தைப் பயன்படுத்த வேண்டும் என்று நான் ஆணையிட வரவில்லை. அவரவர் தொழிலும் பொருள்நிலையும் அறிந்து தேர்ந்துகொள்க. ஆயின் எத்தளத்தில் அமர்ந்தாலும், 'எனக்கு வராது' என்னும் சொல்லை இன்றோடு விட்டொழியுங்கள். 'இஃது ஏன் இப்படி இருக்கிறது? யார் இப்படிச் செய்தார்? எவ்வாறு மாற்றுவது?' என்று கேட்கப் பழகுங்கள். ஈயத்தில் எழுத்து வார்த்து, கல்லில் அச்சிட்டு, மாற்றம் ஒவ்வொன்றையும் கைவயப்படுத்திய நமக்கு இப் பொறியும் கைவயப்படும். அதற்குரிய முதல் வேலையாக, வரும் கிழமைக்குள் ஒவ்வொருவரும் தம்மிடமுள்ள பழைய கோப்புகளில் ஒன்றையேனும் ஒருங்குறிக்கு மாற்றிவிட்டு வந்து, அடுத்த கூட்டத்தில் எனக்குச் சொல்லுங்கள்.